வெறிச்சோடிய தெருவில் நுரை டார்ட் ஆட்டம்: சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

நெர்ஃப் வகை நுரை டார்ட் பிளாஸ்டர்களை, அதாவது மென்மையான நுரைக் குட்டி அம்புகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கிகளை, வைத்துக்கொண்டு நகரத் தெருக்களில் மறைந்து மறைந்து ஆடும் ஒரு குழு சான் பிரான்சிஸ்கோவில் இருந்தது. எல்லாரும் 18 வயதைக் கடந்தவர்கள். பாதிப் பேர் மென்பொருள் வேலையில் இருந்தார்கள், மீதிப் பேர் பெரும்பாலும் மாணவர்கள். செப்டம்பர் மாதத்து ஞாயிறு மாலை ஒன்றில் அவர்களுடைய ஆட்டம் பாதியில் நின்றது. அது ஏன் நின்றது, நின்ற நேரத்தில் யார் என்ன முடிவெடுத்தார்கள், பிறகு ஆட்டம் எப்படி மாறியது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அன்று வெளியிலிருந்து வந்த மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இதில் வராது. நிகழ்வு நடந்த கட்டடத்தின் பெயரையும் அதே காரணத்துக்காக விட்டிருக்கிறேன்.

தெருவையே களமாக்கும் ஆட்டம் அமெரிக்காவில் புதிதல்ல. 2004-இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘ஸ்ட்ரீட்வார்ஸ்’ ஆட்டத்தில் பெரியவர்கள் நீர்த் துப்பாக்கியோடு ஒருவரை ஒருவர் நகரம் முழுக்கத் தேடினார்கள். 2005-இல் மேரிலாண்டின் கவுச்சர் கல்லூரியில் ‘ஹியூமன்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ்’ பிறந்தது. நுரை டார்ட்டும் சுருட்டிய காலுறையும்தான் அதன் ஆயுதங்கள். அது பல கல்லூரி வளாகங்களுக்குப் பரவியது. நான் சொல்லும் குழுவிலும் பலர் கல்லூரியில் அதை ஆடிவிட்டு வந்தவர்களே. வளாகத்தில் ஆடியதைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது ஒரு வேறுபாட்டை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வளாகத்தில் பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டம் நடப்பது தெரியும். தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டில் தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கியோடு தெருத்தெருவாக ஓடி வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நம் ஊரில் தெருவில் ஒருவர் கையில் துப்பாக்கி போல ஒன்று இருந்தால் அது பொம்மை என்றுதான் முதலில் நினைப்போம். அமெரிக்க நகரத்தில் முதலில் வரும் நினைப்பு அதற்கு நேர்மாறானது. இனி வருவதையெல்லாம் அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஆட்டமும் இடமும்

ஆட்டத்தின் கரு எளிமையானது. தூதர் அணி மூன்று ஒட்டிய உறைகளைக் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேட்டை அணி வழிமறிக்க வேண்டும். டார்ட் பட்டவர் ஐந்து நிமிடம் அதே இடத்தில் உட்கார வேண்டும், கையில் உறை இருந்தால் அதைத் தரையில் வைக்க வேண்டும். அணிக்கு 11 பேர், மொத்தம் 22 பேர்.

களம் நிதி வட்டாரத்தின் வட ஓரமும் அதை ஒட்டிய ஜாக்சன் சதுக்கப் பகுதியும். மேற்கே மான்ட்கோமரி தெரு, கிழக்கே டேவிஸ் தெரு, வடக்கே பசிபிக் அவென்யூ, தெற்கே சேக்ரமென்டோ தெரு. மறைந்து ஆட இதைவிட நல்ல இடம் அந்த நகரத்தில் கிடைப்பது கடினம். வடக்குப் பாதியில் 1906 நிலநடுக்கத்துக்கும் தீக்கும் தப்பிய செங்கல் கட்டடங்கள், அவற்றுக்கு நடுவே ஹோட்டலிங் பிளேஸ், கோல்டு, பேலன்ஸ் என்று ஒடுங்கிய சந்துகள். தெற்குப் பாதியில் அலுவலகக் கோபுரங்கள். அவற்றை ஒரு மாடி உயரத்தில் நடைபாலங்கள் இணைக்கின்றன, இடையிடையே மேடைத் தோட்டங்கள். ஆகவே தேடுகிறவர் சுற்றிலும் பார்த்தால் போதாது, அண்ணாந்தும் பார்க்க வேண்டும். வார நாளில் அங்கே நிற்க இடமிருக்காது. ஞாயிறு மாலையில் புறாக்களைத் தவிர யாரும் இல்லை என்பதுபோல இருக்கும்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் குழுவின் திட்டத்துக்கு அடித்தளம். அது பாதி உண்மை. அலுவலகங்களுக்கு வடகிழக்கே உயரமான அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான சன்னல்கள் அந்த நடைபாலங்களையும் தோட்டங்களையும் நேராகக் கீழ்நோக்கிப் பார்க்கின்றன. அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவர்களும் அந்த நேரத்தில்தான் வேலைக்கு வருவார்கள். திட்டம் போட்டவர்கள் தரைமட்டத்தில் நடந்து பார்த்துத்தான் இடம் காலி என்று முடிவு செய்திருந்தார்கள்.

கருவிகளும் சட்டமும்

கடையில் கிடைக்கும் சாதாரண எலைட் வகை டார்ட் சுமார் 72 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய ஒரு கிராம் எடை. மாற்றம் செய்யாத பிளாஸ்டரிலிருந்து நொடிக்கு 20 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் போகும். உள்ளே இருக்கும் சுருள்வில்லை மாற்றி வேகத்தை இரட்டிப்பாக்குவது இந்த ஆட்டக்காரர்களிடையே சர்வசாதாரணம். வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். கண்ணில் பட்டால் இது விளையாட்டல்ல. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனைக்கு நுரை டார்ட் பட்டு வந்த மூன்று பேருக்குக் கண்ணின் முன்னறையில் இரத்தம் கட்டியிருந்ததை 2017-இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் குழு ஒழுங்காக இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஒருவரும் ஆட முடியாது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பிளாஸ்டரின் வேகத்தையும் அளந்து பார்த்தார்கள்.

தோற்றத்தை யாரும் அளக்கவில்லை. பொம்மைத் துப்பாக்கி விற்பனைக்கு வரும்போது அதில் பளிச்சென்ற ஆரஞ்சு அடையாளம் இருக்க வேண்டும் என்பது 1988-இல் இயற்றிய கூட்டரசுச் சட்டம். கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிஜத் துப்பாக்கி என்று நம்பும்படியான போலியைப் பொது இடத்தில் வெளிப்படையாகக் காட்டக் கூடாது என்கிறது அதன் தண்டனைச் சட்டத்தின் 20170-ஆம் பிரிவு. வெள்ளை அல்லது பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஊதா ஆகியவற்றில் ஒன்று மேலோங்கி இருந்தால் விலக்கு உண்டு. சட்டப்படி இருக்க வேண்டிய நிற அடையாளத்தை அழிப்பது தனிக் குற்றம். போலியை மிரட்டும் விதத்தில் நீட்டி ஒருவரைப் பயமுறுத்தினால் அதற்கும் தனிப் பிரிவு உண்டு, அதில் சிறைத் தண்டனையும் இருக்கிறது.

அன்று வந்த பிளாஸ்டர்களில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய நீலமும் ஆரஞ்சுமாக இருந்தன. நான்கைந்து மட்டும் வேறு ரகம். முப்பரிமாண அச்சில் வீட்டிலேயே செய்தவை, நீளமானவை, தோளில் முட்டுக் கொடுத்துப் பிடிக்கும் கட்டையோடு கூடியவை. அவற்றில் இரண்டு முழுக் கறுப்பு. கறுப்புக்கு அவர்கள் சொன்ன காரணம் இருட்டில் தெரியாது என்பது. ஆட்டத்தின் நோக்கில் பார்த்தால் அது சரியான காரணம், அதனாலேயே யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

முதல் சுற்று

மாலை 5 மணிக்குத் தொடங்கிய முதல் சுற்று நல்ல வெளிச்சத்தில் நடந்தது. சொல்லத்தக்க சங்கடம் எதுவும் இல்லை. ஆனால் ஆட்டம் எப்படி நகர்கிறது என்பதை இதில் பார்த்துவிடலாம்.

மறைந்து ஆடுவதற்கு முதல் எதிரி சத்தம். சக்கரம் சுழன்று டார்ட்டைத் தள்ளும் மோட்டார் பிளாஸ்டர்களில், விசையை அழுத்துவதற்கு முன் மோட்டாரை ஓட விட வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடிச் சுவர் எழும்பிய தெருவில் அந்த ரீங்காரம் ஒரு கட்டட நீளத்துக்குக் கேட்டது. சுருள்வில் பிளாஸ்டரில் சுடும்போது ஒரு ‘டொக்’ மட்டும்தான். ஆகவே வேட்டை அணியில் மோட்டார் வைத்திருந்தவர்கள் முதல் அரை மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டார்கள், சுருள்வில் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அடுத்த எதிரி காற்று. கோடை முடியும் பருவத்தில் பசிபிக் கடலிலிருந்து வரும் மேலைக் காற்று கிழக்கு மேற்கான தெருக்களில் குழாயில் ஊதினாற்போலப் பாயும். ஒரு கிராம் டார்ட் பதினைந்து மீட்டருக்கு மேல் எங்கே போகிறது என்று சொல்ல முடியாது.

இந்த இரண்டு காரணங்களாலும், நீளமான சுருள்வில் பிளாஸ்டரை எடுத்துக்கொண்டு, காற்று படாத உயரமான மூலையில் பதுங்கி, இலக்கு கிட்டே வரும்வரை அசையாமல் இருப்பதே வெல்லும் உத்தி என்று வேட்டை அணி இடைவேளையில் முடிவு செய்தது. ஆட்டக்கலையின் கணக்கில் இது முழுக்கச் சரி. அணித் தலைவி இதைத் தெளிவாக விளக்கினார். நடுவர்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றோம். விதியில் இதைத் தடுக்க எதுவும் இல்லை.

இன்னொன்றும் முதல் சுற்றில் கண்ணில் பட்டது, ஆனால் அதன் பொருள் பிறகுதான் விளங்கியது. தூதர் அணியில் இருந்த கறுப்பின இளைஞர் ஒருவர் பிளாஸ்டரே எடுக்கவில்லை. உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டி, சாதாரணமாக நடைபாதையில் நடந்தே மேற்கு முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். வேட்டை அணி அவரைக் கவனிக்கவே இல்லை. அவர் ஏன் பிளாஸ்டர் எடுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் சுற்று

இரண்டாம் சுற்று 6:45-க்குத் தொடங்கியது. சூரியன் மறைய அரை மணி நேரம் இருந்தது. வேட்டை அணியின் ஆட்டக்காரர் ஒருவர் அடர்நிற ஜாக்கெட்டும் கழுத்திலிருந்து மூக்கு வரை ஏற்றிய துணியுமாக, கறுப்புப் பிளாஸ்டர்களில் ஒன்றோடு மேடைத் தோட்டத்தின் ஒரு மூலைக்குப் போனார். கான்கிரீட் பூத்தொட்டிக்குப் பின்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, கீழே படிக்கட்டு முடியும் இடத்தைக் குறிவைத்தபடி இருந்தார். சுமார் இருபது நிமிடம் அசையவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட நடுவர் நான்தான். ஆட்டக்காரராக அவர் அன்று மிகச் சிறப்பாக ஆடினார் என்றே சொல்ல வேண்டும்.

படிக்கட்டில் ஏறி வந்தது தூதர் அல்ல. துப்புரவு வேலைக்கு வந்த ஒரு பெண்மணி. பாதிப் படியில் நிமிர்ந்து பார்த்தவர் தன்னை நோக்கி நீண்டிருந்த குழலைப் பார்த்தார். கத்தவில்லை. திரும்பி ஓடினார், கடைசிப் படிகளில் கால் பிசகி விழுந்தார், எழுந்து நொண்டிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர் உடனே பிளாஸ்டரைத் தாழ்த்தி, இது விளையாட்டு என்று உரக்கச் சொன்னார். முகத்தை மூடியிருந்த துணிக்கு உள்ளிருந்து வந்த அந்தக் குரல் எவ்வளவு தூரம் ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

அதே நேரத்தில் அடுக்குமாடிச் சன்னல் ஒன்றிலிருந்து யாரோ ஏற்கெனவே 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்திருந்தார்கள். பின்னர் காவலர் ஒருவர் சொன்னபடி, அழைப்பில் வந்த செய்தி இதுதான்: கறுப்பு உடையில், முகம் மூடிய ஒருவர், நீளத் துப்பாக்கியோடு, மேடைத் தோட்டத்தில் பதுங்கிப் படிக்கட்டைக் குறிவைத்திருக்கிறார். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அந்தச் சில நிமிடங்களில் எடுத்த முடிவுகள்

அந்தப் பெண்மணி விழுந்ததைப் பார்த்ததும் நான் நீள விசில் ஊதினேன். அது ஆட்டம் நிற்பதற்கான சைகை. பூத்தொட்டிக்குப் பின்னால் இருந்தவர் பிளாஸ்டரைத் தரையில் வைத்தார். எடுத்துப் பையில் போடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். வழியில் யாராவது பார்த்தால் அவர் ஆயுதத்தைத் தூக்குவதாகத்தான் தெரியும். அதை அங்கேயே விட்டுவிட்டு, துணியை இறக்கி, கைகள் வெறுமையாகத் தெரியும்படி வெளிச்சத்துக்கு வந்து நிற்கச் சொன்னேன். ஓரிரு நிமிடத்தில் கீழே காவல் வண்டிகள் வந்து நின்றன. அவர்கள் மேலே வந்தபோது பிளாஸ்டர் அவரிடமிருந்து பத்தடி தள்ளிக் கிடந்தது. அவர் கையில் எதுவும் இல்லை. அன்று நடந்தவற்றில் மிக முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து.

அடுத்தது கடினமான கேள்வி. சுமார் ஒன்பது பேர் இன்னும் சந்துகளிலும் நடைபாலங்களிலும் பதுங்கியிருந்தார்கள். விசில் கேட்டால் எல்லாரும் தொடக்க இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. சாதாரண நாளில் அது நல்ல விதிதான். காவலர்கள் பதற்றத்தோடு ஏறி வரும் நேரத்தில், இருட்டான மூலைகளிலிருந்து பிளாஸ்டரோடு ஒவ்வொருவராக வெளியே வந்தால் என்ன ஆகும்? மற்ற இரு நடுவர்களில் ஒருவர் குழுவின் அலைபேசிச் செய்தியில் இரண்டே வரி போட்டார்: இருக்கும் இடத்திலேயே இருங்கள், பிளாஸ்டரைக் கீழே வையுங்கள். எழுதப்பட்ட விதிக்கு இது மாறானது. விதியைவிட இது சரி.

நான் நடுவர்களுக்கான பளிச்சென்ற மஞ்சள் மேலாடையில் இருந்தேன். கைகளை விரித்தபடி நின்ற இடத்திலேயே நின்று, காவலர்கள் கேட்கும்வரை காத்திருந்து, பிறகு மூன்று செய்திகளை மட்டும் சொன்னேன். இது நுரை டார்ட் ஆட்டம். மொத்தம் 22 பேர், எங்கள் கண்ணில் படாதவர்கள் ஒன்பது பேர். அவர்கள் அசையாமல் இருக்கச் சொல்லியிருக்கிறோம், கூப்பிடலாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். ஒன்பது என்ற எண்தான் அவர்களுக்குப் பயன்பட்டது என்று நினைக்கிறேன். எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பது தெரிந்த பிறகு பேச்சின் வேகமே குறைந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெறுங்கையோடு வரச் சொன்னார்கள். கடைசி ஆள் ஹோட்டலிங் பிளேஸிலிருந்து வந்து சேர நேரம் பிடித்தது. அவருடைய அலைபேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

யாரையும் கைது செய்யவில்லை. கறுப்புப் பிளாஸ்டர்கள் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டார்கள். 20170-ஆம் பிரிவில் அபராதம் விதிக்கலாம், இந்த முறை எச்சரிக்கையோடு விடுகிறோம் என்றார்கள். எல்லாப் பிளாஸ்டர்களும் கார்களின் டிக்கிக்குப் போயின. ஆட்டம் முடிந்தது.

பின்விளைவுகள்

துப்புரவுப் பணியாளரைப் பற்றித்தான் எல்லாருக்கும் உறுத்தல். கட்டடத்தின் காவலாளி வழியாக விசாரித்ததில் கணுக்கால் சுளுக்கு என்று தெரிந்தது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான கூலியைத் தர விரும்புவதாக அவரிடமே சொல்லியனுப்பினார்கள். கால் தேறிவிட்டது, யாரையும் சந்திக்க விருப்பமில்லை என்று பதில் வந்தது. அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அந்த வாரம் குழு கூடிப் பேசியது. முதல் கருத்து, 911 அழைத்தவர் மிகையாகப் பயந்துவிட்டார் என்பது. அது வெகுநேரம் நிற்கவில்லை. அழைப்பில் சொன்னதை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டிய பிறகு, இதைப் பார்த்தால் நாமே அழைப்போம் என்றார்கள். அடுத்து, இன்னும் நன்றாக மறைந்துகொள்ளலாம், சன்னல்களிலிருந்து தெரியாத மூலைகளாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். கறுப்புப் பிளாஸ்டரின் சொந்தக்காரரும் இதையே வலியுறுத்தினார்.

பிளாஸ்டர் எடுக்காமல் நடந்துபோன அந்த இளைஞர் அப்போதுதான் பேசினார். 2013-இல், அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சான்டா ரோசாவில், போலித் துப்பாக்கியோடு நடந்துபோன 13 வயதுச் சிறுவனைக் காவல் அதிகாரி சுட்டுக் கொன்றதை நினைவுபடுத்தினார். 2014-இல் கிளீவ்லாந்துப் பூங்காவில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் இறந்ததையும் சொன்னார். அங்கே காவல் வண்டி வந்து நின்ற சில நொடிகளில் சுட்டுவிட்டார்கள். அது போலியாக இருக்கலாம் என்று அழைத்தவர் சொன்னது காவலர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. ‘பூத்தொட்டிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தால் இந்தக் கூட்டம் வேறு மாதிரி நடந்திருக்கும்’ என்றார். தான் முதலிலிருந்தே பிளாஸ்டர் எடுக்காததற்குக் காரணமும் அதுதான். யாரும் பதில் சொல்லவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார், ஆட்டம் மாறியது அதனால்தான். ‘வேட்டை அணியிடமிருந்து ஒளிந்தால் போதும், ஊரிடமிருந்து ஏன் ஒளிய வேண்டும்? நான் முதல் சுற்றில் யாரிடமும் ஒளியவில்லை, இருந்தும் என்னை யாரும் பிடிக்கவில்லையே.’

மாற்றிய ஆட்டம்

புதிய விதிகளை எழுத இரண்டு மாதம் ஆனது. மையக் கருத்து அவர் சொன்னதே: வழிப்போக்கர் பார்வையில் ஆட்டக்காரர் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும், எதிரணி பார்வையில் மட்டும் தெரியக் கூடாது. இருட்டு, அடர்நிற உடை, முகத்துணி, பதுங்குதல் எல்லாம் போயின. மறைவிடம் இனிமேல் கூட்டம்தான். அதனால் இடத்தையும் மாற்றினார்கள். வெறிச்சோடிய மாலை வேண்டாம், ஆள் நடமாட்டமுள்ள சனிக்கிழமைப் பகல் என்றாயிற்று. சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

பிளாஸ்டர் கைத்துப்பாக்கி அளவுக்கு மேல் கூடாது, பளிச்சென்ற நிறமே மேலோங்கி இருக்க வேண்டும், தோள்கட்டை கூடாது. தெருவில் நடக்கும்போது அது பையில் இருக்கும். சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, மஞ்சள் மேலாடை அணிந்த நடுவர் நிற்கும் இடங்களில் மட்டுமே வெளியே எடுக்கலாம். வட்டங்களுக்கு வெளியே எதிரியைப் பிடிக்க வேண்டுமானால் சுருட்டிய காலுறையை எறியலாம். காலுறையைப் பார்த்து யாரும் 911-ஐ அழைக்கப் போவதில்லை. ‘சுடு’, ‘கொன்னுட்டேன்’ போன்ற சொற்களைத் தெருவில் கத்தக் கூடாது என்றும் சேர்த்தார்கள். விசில் பற்றிய விதியும் மாறியது: விசில் கேட்டால் திரும்பி வர வேண்டாம், பிளாஸ்டரைக் கீழே வைத்துவிட்டு இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு அரை மணிக்கும் எல்லாரும் இருப்பிடம் சொல்ல வேண்டும், அலைபேசியில் சார்ஜ் பாதிக்குக் கீழே போனால் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும்.

காவல்துறையின் அவசரமல்லாத எண்ணுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வதையும், அக்கம்பக்கக் கட்டடங்களின் காவலாளிகளிடம் ஒரு தாள் கொடுப்பதையும் வழக்கமாக்கினார்கள். இது நல்லது. ஆனால் இதை நம்பி வேறு விதியைத் தளர்த்தக் கூடாது என்று நடுவர்கள் தரப்பில் நாங்கள் பிடிவாதமாகச் சொன்னோம். சொன்ன தகவல் சரியான நேரத்தில் சரியான ஆளுக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி கிடையாது.

டார்ட்டுகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது அப்போது வந்த சின்ன விதி. சான் பிரான்சிஸ்கோவின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் போகின்றன. தெரு வடிகாலில் விழுந்த நுரை டார்ட் சுத்திகரிப்பு நிலையம் வரை பயணம் செய்யும்.

புதிய ஆட்டம் நடந்த விதம்

முதல் முறை மந்தமாகத்தான் இருந்தது. பாதிப் பேர் வட்டங்களைச் சுற்றியே நின்றார்கள். நீள பிளாஸ்டர்களை விரும்பிச் செய்தவர்கள் ஐந்து பேர் விலகி, வாடகைக்குக் கிடைக்கும் மூடிய மைதானம் ஒன்றுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. கருவிதான் அவர்களுக்கு ஆட்டம், தெரு ஒரு பின்னணி மட்டுமே.

இரண்டாம் முறையிலிருந்து ஆட்டம் பிடித்துக்கொண்டது. கரையோரப் படகுத்துறைக் கட்டடமான ஃபெர்ரி பில்டிங் பக்கம் போகும் சுற்றுலாக் கூட்டத்தோடு கலந்து நடந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்போல நின்று, வேட்டை அணி கடந்து போனதும் உறையைக் கைமாற்றினார்கள். உறை யாரிடம் இருக்கிறது என்று குழப்புவதற்கே ஒரு முழுச் சுற்றைச் செலவழித்த அணியும் உண்டு. மறைந்து ஆடுவது உடம்பிலிருந்து தகவலுக்கு மாறிவிட்டது. யாரும் 911-ஐ அழைக்கவில்லை.

ஆனால் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. தூதர் என்று நினைத்து ஒரு வேட்டைக்காரர் வழிப்போக்கப் பெண் ஒருவரை மூன்று தெரு தூரம் பின்தொடர்ந்திருக்கிறார். அவர் பயந்து ஒரு காபிக் கடைக்குள் நுழைந்து, அங்கிருந்தவர்களிடம் சொல்ல, வேட்டைக்காரர் வெளியே நின்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டத்தில் கலந்து ஆடினால், கூட்டத்தில் இருப்பவர்களும் தெரியாமலேயே ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டக்காரரும் மணிக்கட்டில் இரண்டு விரல் அகல ஆரஞ்சுப் பட்டை கட்ட வேண்டும், பட்டையைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் பின்தொடரக் கூடாது என்று விதி வந்தது. மறைவு கொஞ்சம் குறைந்ததாகச் சிலர் குறைப்பட்டார்கள். பட்டையை மறைக்கக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடப்பதே பிறகு ஒரு உத்தியாயிற்று. அதை அனுமதித்திருக்கிறோம். சந்தேகம் வந்தால் பின்தொடரக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னும் பேச்சில் இருப்பது

மாலையாட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை ஓயவில்லை. பளிச்சென்ற நிறமும் மேலாடையும் இருக்கும்போது இருட்டில் ஆடினால் என்ன என்று கேட்கிறார்கள். இதற்கு வாதம் போதாது என்று ஒரு சோதனை வைத்தோம். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, தெருவிளக்கின் கீழ், ஆரஞ்சு, நீலம், மஞ்சள் நிறக் கைப்பிளாஸ்டர்களையும் ஒரு கறுப்பு மின்துளைக் கருவியையும் ஒருவர் மாற்றி மாற்றிப் பிடிக்க, ஆட்டம் பற்றி எதுவும் தெரியாத நண்பர்கள் சிலரை முப்பது மீட்டர் தள்ளி நிற்க வைத்து, கையில் இருப்பது என்ன என்று கேட்டோம். மஞ்சளைப் பெரும்பாலோர் பொம்மை என்றார்கள். நீலத்தையும் ஆரஞ்சையும் பாதிப் பேர் துப்பாக்கி என்றார்கள். மின்துளைக் கருவியையும் சிலர் துப்பாக்கி என்றே சொன்னார்கள். ஒளிரும் பொருளால் செய்த பிளாஸ்டரோடு ஒருவர் அடுத்த சோதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் பொம்மை என்று சொல்லாதவரை மாலையாட்டத்துக்கு நடுவர்கள் வருவதாக இல்லை.